குளிர்காலத்தில் வீட்டு பிரெட்: இரவில் கலந்து, காலையில் சுடும் முறை

மார்கழியில் ஊட்டியிலோ பெங்களூரிலோ பிரெட் சுட முயன்றவர்கள் சொல்லும் முதல் புகார், "மாவு உப்பவே இல்லை" என்பதுதான். சமையல் குறிப்பில் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கும். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தாலும் மாவு வைத்தது வைத்தபடி கிடக்கும். உடனே இன்னொரு கரண்டி ஈஸ்ட் சேர்ப்பார்கள், அல்லது பாத்திரத்தை அடுப்புப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். கடைசியில் கிடைப்பது ஈஸ்ட் வாடை தூக்கலான, மறுநாளே காய்ந்துவிடும் பிரெட்.

குளிரோடு மல்லுக்கு நிற்கத் தேவையில்லை. ஈஸ்ட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டினால், அதே குளிர்தான் நல்ல பிரெட்டைத் தருகிறது. மாவில் தண்ணீர் சேர்ந்ததுமே கோதுமைப் புரதங்கள் பிணைந்து குளூட்டன் வலை உருவாகத் தொடங்கும். கையால் பிசைவது இந்த வேலையை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் சும்மா விட்டாலும் அந்த வலை தானே உருவாகும். மெதுவாகப் புளிப்பதில் கிடைக்கும் மணமும் ருசியும் அவசரமாக உப்ப வைத்த மாவில் வராது. நியூயார்க்கில் பேக்கரி நடத்தும் ஜிம் லேஹியின் பிசையாத பிரெட் முறையை 2006 நவம்பரில் 'நியூயார்க் டைம்ஸ்' வெளியிட்டது. வீட்டு அடுப்படிகளில் இந்த வழி பரவியது அதற்குப் பிறகுதான். கால் தேக்கரண்டி ஈஸ்ட், 12 முதல் 18 மணி நேரம், மூடி போட்ட கனமான பாத்திரம் என்பதே அதன் சாரம். கீழே இருப்பது அதே அடிப்படைதான். நம் மைதாவுக்கும் ஓடிஜி எனும் சின்ன மின்சார ஓவனுக்கும் ஏற்றபடி அளவுகளும் சூடும் மாற்றப்பட்டுள்ளன.

தேவையானவை (சுமார் 600 கிராம் எடையுள்ள ஒரு பிரெட்)

மைதா அல்லது பிரெட் மாவு – 320 கிராம்
கோதுமை மாவு (ஆட்டா) – 80 கிராம்
தண்ணீர் – 280 கிராம்
உப்பு – 8 கிராம்
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் – அறையின் குளிரைப் பொறுத்து (அளவு கீழே)

தண்ணீர் உட்பட எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எடுங்கள். ஒரு கப் மைதா, அள்ளுகிற விதத்தைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். அந்த 30 கிராம் வித்தியாசமே மாவு இறுகுவதையும் தளர்வதையும் தீர்மானித்துவிடும். உப்பும் அப்படித்தான். தூள் உப்பும் கல் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்காது. கல் உப்பானால் பொடித்துப் போடுங்கள். ஈஸ்ட்டுக்கு மட்டும் கரண்டி அளவே நல்லது, ஏனென்றால் சாதாரணச் சமையலறைத் தராசு ஒன்றிரண்டு கிராமைச் சரியாகக் காட்டாது. கால் தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஏறக்குறைய 0.8 கிராம்.

மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் ஊர் மைதாவில் புரதம் பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். பிரெட்டுக்கு 11, 12 இருந்தால் நல்லது. பாக்கெட்டின் பின்புறம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அதிகம் உள்ளதை வாங்குங்கள். கனடாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. அங்கே 'ஆல் பர்ப்பஸ்' என்று விற்கும் மாவே கடினக் கோதுமையில் அரைத்தது, பிரெட்டுக்குத் தாராளமாகத் தாங்கும். தண்ணீரை 300 கிராம் வரை கூட்டலாம். லண்டனில் அப்படியில்லை. 'பிளெயின்' மாவு கேக்குக்கானது. 'ஸ்ட்ராங்' என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும்.

80 கிராம் ஆட்டா ருசிக்காக. சக்கியில், அதாவது கல் இயந்திரத்தில், அரைத்த ஆட்டாவில் ஸ்டார்ச் நிறைய உடைந்திருப்பதால் தண்ணீரை அதிகம் உறிஞ்சும், தவிடு குளூட்டன் வலையை அங்கங்கே அறுக்கும். பாதிக்குப் பாதி ஆட்டா போட விரும்பினால் தண்ணீரை 300 கிராம் ஆக்குங்கள், புளிக்கும் நேரத்தில் ஒன்றரை மணி நேரம் குறையுங்கள். முழுக்க ஆட்டாவில் செய்வதாக இருந்தால் தண்ணீர் 320 கிராம். அது வட்ட பிரெட்டாக நிற்காது, டின்னில்தான் சுட வேண்டும். கனமாகத்தான் வரும், சூப்பில் தொட்டுக்கொள்ள நன்றாகவே இருக்கும்.

அறைச் சூடும் ஈஸ்ட் அளவும்

இந்த முறையில் பிழை நேர்வது பெரும்பாலும் இங்கேதான். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்றை அடுப்படியில் வைத்து, இரவில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள்.

10–14 டிகிரி செல்சியஸ்: முக்கால் தேக்கரண்டி ஈஸ்ட், 13–14 மணி நேரம்
15–19 டிகிரி: அரைத் தேக்கரண்டி, சுமார் 12 மணி நேரம்
20–22 டிகிரி: கால் தேக்கரண்டி, சுமார் 12 மணி நேரம்
26–28 டிகிரி: அரைக்கால் தேக்கரண்டி, 8–9 மணி நேரம்

கடைசி வரி சென்னை, மதுரை மாதிரி ஊர்களுக்கு. அங்கே மார்கழி இரவிலும் அடுப்படி இவ்வளவு சூடாக இருக்கலாம்.

கலக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் கணக்கு உண்டு. கலந்து முடித்ததும் மாவு 24 டிகிரியில் இருக்க வேண்டும். 24ஐ மூன்றால் பெருக்கினால் 72. அதிலிருந்து அறையின் சூட்டையும் கலக்கும் முன் உலர்ந்த மாவின் சூட்டையும் கழித்தால் மிச்சம்தான் தண்ணீரின் சூடு. அறை 16, மாவும் 16 என்றால் தண்ணீர் 40 டிகிரி: கைவிரலை விட்டால் இதமாகச் சுட வேண்டும். அறையும் மாவும் 26 என்றால் தண்ணீர் 20 டிகிரி, அதாவது பானைத் தண்ணீர் போலக் குளிர்ச்சியாக. 50 டிகிரிக்கு மேல் எப்போதும் போக வேண்டாம். 55, 60 டிகிரியில் ஈஸ்ட் செத்துவிடும். அதனால்தான் ஈஸ்ட்டை வெந்நீரில் போடாமல் மாவோடு கலக்கச் சொல்வது.

பழைய ஈஸ்ட் மேல் சந்தேகம் இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை சர்க்கரையோடு அரைத் தேக்கரண்டியைப் போட்டு வையுங்கள். பத்து நிமிடத்தில் நுரை கட்டவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீஸரில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது.

இரவு 8 மணி: கலப்பது

அகலமான பாத்திரத்தில் இரண்டு மாவையும் உப்பையும் ஈஸ்ட்டையும் கலந்து, தண்ணீரை ஒரே தடவையில் ஊற்றுங்கள். மரக்கரண்டியாலோ கையாலோ இரண்டு நிமிடம் கிளறினால் போதும். உலர்ந்த மாவு எங்கேயும் தெரியக் கூடாது, அவ்வளவே. இந்தக் கட்டத்தில் மாவு கரடுமுரடாக, கையில் பிசுபிசுவென்று ஒட்டும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கைக்கு இது தப்பாகத் தெரியும், மேலும் மாவைத் தூவத் தோன்றும். தூவாதீர்கள். அந்த ஈரம்தான் பிரெட்டின் உள்ளே கண்ணறைகளாக விரியப் போகிறது.

மூடி வைத்து அரை மணி நேரம் கழித்து ஒரு மடிப்பு. கையை நனைத்துக்கொண்டு மாவின் ஓரத்தைப் பிடித்து, கிழியாத அளவுக்கு மேலே இழுத்து நடுவில் போடுங்கள். பாத்திரத்தைக் கால்வட்டம் திருப்பி மறுபடி. நான்கு பக்கமும் முடிந்ததும் மாவைக் கவிழ்த்து விடுங்கள். முதல் மடிப்பில் மாவு அறுந்து அறுந்து வரும். இன்னும் அரை மணி நேரம் கழித்து இரண்டாவது மடிப்பைப் போடும்போது, அதே மாவு ரப்பர் போல நீண்டு கொடுக்கும். யாரும் பிசையாமலே குளூட்டன் சேர்ந்திருப்பதை அப்போது கையிலேயே உணரலாம். புரதம் குறைந்த மைதாவானால் மூன்றாவது மடிப்பும் போடுங்கள்.

பிறகு தட்டு போட்டு இறுக மூடி இரவு முழுக்க விட்டுவிடுங்கள். துணி மட்டும் போர்த்தினால் போதாது. குளிர்காலக் காற்று வறண்டது. ஹீட்டர் ஓடும் வீட்டில் இன்னும் மோசம். மேலே ஏடு காய்ந்துவிட்டால் அது சுடும்போது விரியாது, பக்கவாட்டில் வெடிக்கும். இட்லி மாவுக்குச் செய்வது போல ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைக்கும் பழக்கமும் இங்கே வேண்டாம். விளக்குச் சூட்டில் உள்ளே 30 டிகிரியைத் தாண்டக் கூடும், விடிவதற்குள் மாவு புளித்து விழுந்துவிடும். இட்லி மாவு கொஞ்சம் அதிகம் புளித்தால் ருசிதான் மாறும். பிரெட் மாவு அதிகம் புளித்தால் குளூட்டனே தளர்ந்துபோகும். அப்புறம் அதைத் தூக்கி நிறுத்த வழியில்லை.

காலை: மாவு தயாரா என்று பார்ப்பது

மணியைப் பார்ப்பதைவிட மாவைப் பார்ப்பது மேல். அளவு இரண்டு மடங்காகியிருக்க வேண்டும். இரவே பாத்திரத்தின் வெளிப்பக்கம் ரப்பர் பேண்ட் போட்டுக் குறித்து வைத்தால் சந்தேகம் வராது. மேற்பரப்பு லேசாகக் குவிந்து, அங்கங்கே குமிழ்கள் தெரியும். பாத்திரத்தை ஆட்டினால் மாவு தளும்பும். வாசனை இதமான புளிப்பு. நடுவில் குழி விழுந்து, சாராய வாடை தூக்கலாக அடித்தால் நேரம் தாண்டிவிட்டது. அதை வட்ட பிரெட்டாக்க முயலாமல் எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, பூண்டும் எண்ணெயும் தூவித் தட்டை பிரெட்டாகச் சுட்டுவிடுங்கள். இன்னும் உப்பவில்லை என்றால் பயப்பட ஒன்றுமில்லை, ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருங்கள்.

மேடையில் லேசாக மாவு தூவி, மாவை அப்படியே சரித்துக் கொட்டுங்கள். குத்தி அமுக்க வேண்டாம். ஓரங்களை நடுவுக்கு இழுத்து மடித்து, கவிழ்த்துப் போட்டு, இரண்டு கைகளாலும் பின்னாலிருந்து உங்கள் பக்கமாக இழுங்கள். அடிப்பகுதி மேடையில் உராய்ந்து, மேல் தோல் இறுகி வரும். மூன்று நான்கு தடவை இழுத்ததும் உருண்டை நிமிர்ந்து நிற்கும். தளர்வாக உருட்டிய பிரெட் ஓவனில் மேலே எழாமல் தட்டு போலப் பரவும்.

உருண்டையை பேக்கிங் பேப்பரில் வைத்து, பெரிய பாத்திரத்தால் மூடுங்கள். கடைகளில் 'பட்டர் பேப்பர்' என்று விற்பதில் சில, உணவு பொட்டலம் கட்ட மட்டுமே ஆனவை. 230 டிகிரியில் அவை கருகிப் புகையும். எத்தனை டிகிரி தாங்கும் என்று உறையில் போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள், பிடித்துத் தூக்க இரு ஓரங்களில் கொஞ்சம் விட்டு, உருண்டைக்கு வெளியே நீளும் மிச்சக் காகிதத்தை வெட்டிவிடுங்கள்.

18 டிகிரியில் இந்த இரண்டாவது உப்பலுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், 25 டிகிரியில் முக்கால் மணி நேரம். விரலை நனைத்து அரை அங்குலம் அமுக்கிப் பாருங்கள். குழி உடனே எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாகப் பாதி எழும்பி நின்றால் சரியான பதம். எழும்பவே இல்லை என்றால் தாண்டிவிட்டது, தாமதிக்காமல் சுடுங்கள்.

சுடுவது

பிரெட்டின் தோல் விரியும் வரை ஈரமாக இருக்க வேண்டும். பேக்கரி ஓவனில் நீராவி விடுவார்கள். வீட்டில் மூடியுள்ள கனமான பாத்திரமே அந்த வேலையைச் செய்துவிடும். மாவிலிருந்து வெளியேறும் ஆவி உள்ளேயே நிற்கும். 3 முதல் 4 லிட்டர் இரும்பு அல்லது எனாமல் பூசிய வார்ப்பிரும்புப் பாத்திரம் சிறந்தது. வாங்கும் முன் ஓவனின் உள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். சின்ன ஓடிஜியில் மூடியோடு பாத்திரம் நுழையாது. பாத்திரம் இல்லையென்றால் கைப்பிடி இல்லாத இரும்பு தோசைக்கல்லை ஓவனில் காய வைத்து, அதன் மேல் பிரெட்டை வைத்து, ஆழமான எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து மூடுங்கள். பிளாஸ்டிக் பிடியோ குமிழோ உள்ள எதையும் உள்ளே வைக்கக் கூடாது.

1. சுடுவதற்கு 40 நிமிடம் முன்பே, பாத்திரத்தை மூடியோடு உள்ளே வைத்து, மேல், கீழ் இரண்டு சூடேற்றும் கம்பிகளையும் போட்டு 230 டிகிரிக்கு ஓவனைச் சூடாக்குங்கள். ஓடிஜியின் விளக்கு அணைந்ததும் ஓவன் தயார் என்று நம்ப வேண்டாம். உள்ளே காற்றுதான் சூடாகியிருக்கும், இரும்பு இன்னும் காய்ந்திருக்காது. குமிழில் காட்டும் டிகிரிக்கும் உண்மைச் சூட்டுக்கும் 20, 30 டிகிரி வித்தியாசம் இருப்பதும் சகஜம். உள்ளே தொங்கவிடும் ஓவன் வெப்பமானி இந்தச் சாமான்களிலேயே முதலில் வாங்க வேண்டியது.

2. புது பிளேடால் மாவின் மேல் அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரே இழுப்பில் கீறுங்கள். கீறாவிட்டால் பிரெட் தனக்குப் பிடித்த இடத்தில் வெடிக்கும்.

3. காகிதத்தின் இரு ஓரங்களையும் பிடித்துத் தூக்கி, சூடான பாத்திரத்தில் இறக்கி மூடுங்கள். தடித்த கையுறை கட்டாயம்.

4. மூடியோடு 30 நிமிடம். பிறகு மூடியை எடுத்துவிட்டு 220 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். தோல் பொன்னிறத்தைத் தாண்டி நல்ல பழுப்பாக வர வேண்டும். வெளிர் நிறத்திலேயே எடுத்துவிடுவது பலரும் செய்வது. ருசியில் பாதி அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது.

ஓடிஜியில் கீழ்க் கம்பி மிக அருகில் இருப்பதால் அடி கருகலாம். கம்பித் தட்டுக்குக் கீழே வெறும் அலுமினியத் தட்டு ஒன்றை வையுங்கள், காகிதத்துக்கு அடியில் ஒரு கைப்பிடி ரவை தூவுங்கள்.

வெந்ததா என்று அறிய நடுவில் வெப்பமானியைக் குத்திப் பார்த்தால் 96 முதல் 98 டிகிரி காட்ட வேண்டும். மலை ஊர்களில் இந்தக் கணக்கு மாறும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீரே அங்கே 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். ஆகவே பிரெட்டின் உள்ளே 96ஐ எதிர்பார்த்துக் காத்திருந்தால் கரியாகத்தான் ஆகும், 91 போதும். காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே மாவும் சற்று வேகமாக உப்பும். குளிர் அதை மட்டுப்படுத்தினாலும், இரண்டாவது உப்பலைக் கவனமாகப் பாருங்கள். வெப்பமானி இல்லாதவர்களுக்குத் தராசே போதும். 690 கிராம் மாவு, வெந்த பிரெட்டாக 600 கிராம் அளவுக்கு வந்திருக்க வேண்டும். 630 காட்டினால் உள்ளே ஈரம் தங்கிவிட்டது, இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள்.

வெந்ததும் கம்பித் தட்டில் ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். சூட்டில் ஸ்டார்ச் இன்னும் இறுகவில்லை. அப்போதே வெட்டினால் கத்தியில் பசையாக ஒட்டும், உள்ளே வேகாதது போலத் தெரியும். வீடு முழுக்க மணக்கும்போது இது கஷ்டம்தான். ஆனாலும் காத்திருங்கள்.

டின்னில் சுடுவதானால் எட்டரைக்கு நாலரை அங்குல டின்னில் எண்ணெய் தடவி, மாவை உருளையாகச் சுருட்டி வையுங்கள். விளிம்பைத் தொடும் வரை உப்பவிட்டு, 200 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம்.

எங்கே தவறு நடக்கிறது

அடியில் கெட்டியான ஈரப் பட்டை தெரிந்தால் மாவு போதுமாக உப்பவில்லை, அல்லது சூட்டோடு வெட்டியிருக்கிறீர்கள். மேல் தோலுக்கு அடியில் மட்டும் பெரிய குகை, கீழே நெருக்கம் என்றாலும் காரணம் குறைந்த உப்பலே. குளிர்காலத்தில் பத்தில் எட்டு பிரெட் இந்தக் குறையோடுதான் வருகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். சந்தேகம் வந்தால் இன்னும் அரை மணி நேரம் விடுவதே நல்லது.

தட்டையாகப் பரவியது என்றால் மாறாக, அதிகம் புளித்திருக்கும், அல்லது மைதா பலமில்லாதது. அடுத்த தடவை தண்ணீரை 265 கிராமாகக் குறையுங்கள். ஓவன் சூடு சரியாக இருந்தும் தோல் வெளுத்தே இருந்தால், மாவிலிருந்த சர்க்கரையை எல்லாம் ஈஸ்ட் தின்று தீர்த்துவிட்டது. சிவக்க ஒன்றும் மிச்சமில்லை. உப்பை மறந்தால் மாவு வழக்கத்தைவிட வேகமாகப் பொங்கி, கையில் நிற்காமல் தளரும். உப்பு ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது, குளூட்டனையும் இறுக்குகிறது. மொறுமொறுவென்று எடுத்த தோல் அரை மணியில் மெத்தென்று ஆகிவிட்டால், அடுத்த முறை ஓவனை அணைத்துவிட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்து, ஐந்து நிமிடம் உள்ளேயே விடுங்கள்.

இதோடு என்ன சாப்பிடலாம்

எளிமையானது பருப்பு சூப். மைசூர் பருப்பு 150 கிராம், ஒரு வெங்காயம், ஒரு கேரட், ஒரு தக்காளி, நான்கு பல் பூண்டு, ஒரு லிட்டர் தண்ணீர். குக்கரில் மூன்று விசில். மசித்து, உப்பு போட்டு, நெய்யில் சீரகமும் தட்டிய மிளகும் தாளித்துக் கொட்டினால் நான்கு பேருக்குப் போதும். பிரெட்டைத் தடித்த துண்டாக வெட்டி, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் வாட்டி, பச்சைப் பூண்டை மேலே தேயுங்கள். யாழ்ப்பாணத்து வீடுகளில் இரவுக்குப் பாணும் (பிரெட்டை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தேங்காய்ப்பால் விட்ட பருப்புக் கறியும் இடித்த தேங்காய்ச் சம்பலும் வைப்பது வழக்கம். டொரன்டோ ஜனவரியில் அதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடைப்பது அரிது. இந்த பிரெட்டின் கனமான தோல் அந்தக் கறியைத் தாங்கிப் பிடிக்கும்.

மிச்சத்தை வைப்பது

வெட்டிய பக்கத்தைப் பலகையில் கவிழ்த்து, துணி போர்த்தினால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். பிரெட்டின் ஸ்டார்ச் வேகமாக இறுகிப் பழசாவது அந்தக் குளிரில்தான். அதிக நாள் வேண்டுமானால் துண்டு போட்டு, காற்றுப் புகாமல் கட்டி ஃப்ரீஸரில் வையுங்கள், எடுத்த எடுப்பில் தோசைக்கல்லில் வாட்டலாம். கடலோர ஊர்களில் ஈரமும் சூடும் சேர்ந்த நாட்களில், பிரெட்டின் உள்ளே அழுகிய பழ வாடையும் நூல் இழைவதும் கண்டால் தோல் நன்றாக இருந்தாலும் முழுவதையும் எறிந்துவிடுங்கள். அது பாக்டீரியா வேலை, வாட்டினாலும் சரியாகாது.

மூன்றாம் நாள் கல்லாகிப்போன துண்டுகளைக் கொண்டு ஸ்பெயினின் காஸ்டீல் பகுதியில் பூண்டு சூப் செய்வார்கள். மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் ஆறு பல் பூண்டை மெல்லியதாக அரிந்து, சிவக்க விடாமல் வதக்குங்கள். 100 கிராம் காய்ந்த பிரெட்டைப் பிய்த்துப் போட்டுப் புரட்டி, அடுப்பைக் குறைத்து ஒரு தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூள் சேர்த்தவுடன் 700 மில்லி சூடான தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும். உப்பு போட்டு 15 நிமிடம் கொதித்ததும் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, வெள்ளைக்கரு வெந்து மஞ்சள் கரு இளகியிருக்கும்போதே இறக்கிப் பரிமாறுங்கள்.